கேட்பவர்களுக்கும் வாய் உண்டு: பாலாற்றுத் தோல் நகரங்களில் பொதுப்பேச்சும் நூல் விவாதமும்

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகிறார்கள். ஒன்று ஏற்றுமதி, மற்றது பாலாற்று மாசு. அறிவுப் பண்பாடு என்ற பேச்சு வந்தால் இது வறண்ட பூமி, கம்பெனி உண்டு, கூலி உண்டு, புத்தகத்துக்கு இங்கே என்ன வேலை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள். சிறு நகரங்களில் நூல் அறிமுகக் கூட்டம் நடத்துவோரின் வழக்கமான மனக்குறையும் இதையே சொல்கிறது: ஆள் வருவதில்லை. இந்த வட்டாரத்தின் நூற்றைம்பது ஆண்டுப் பேச்சு மரபுகளை அடுக்கிப் பார்த்தால் அந்தக் குறை நிற்கவில்லை. மேடைக்கோ கூட்டத்துக்கோ இங்கே எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. பஞ்சமெல்லாம் மறுமொழிக்குத்தான். பேசியவரிடம் கேட்டவர் திருப்பிக் கேட்கவும், அந்தக் கேள்வி அச்சேறி அடுத்த கூட்டத்துக்கு வழி காட்டவும் இடமிருந்தபோது இங்கே பொதுப்பேச்சு பண்பாடாக வளர்ந்தது. அந்த இடம் அடைபட்டபோது அது நிகழ்ச்சியாகச் சுருங்கியது. இந்தக் கருத்தைச் சான்றுகளோடு நிறுவுவதும், அதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றுக்கு விடை தேடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மேடைகளின் கணக்கைப் பார்க்கலாம். 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் தெருப் பிரசங்கங்கள் வட ஆற்காட்டின் சந்தைகளிலும் ஊர்முனைகளிலும் பொதுமக்களை நிறுத்திவைத்துப் பேசும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த மானிடவியலர் பெர்னார்ட் பேட், நாம் இன்று இயல்பாக எடுத்துக்கொள்ளும் அரசியல் சொற்பொழிவு சுதேசி இயக்கக் காலத்தில் உருப்பெற்றது என்றும், அதற்கு முன்மாதிரிகளில் ஒன்று புராட்டஸ்டன்ட் பிரசங்கம் என்றும் வாதிட்டார். இந்தப் பக்கம் வேலூரில் ஊரிசுக் கல்லூரி எழுந்தது. இன்னொரு பக்கம் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி தென்னிந்திய ஆலிம்களை உருவாக்கும் இடமாயிற்று. தோல் வணிகத்தில் வந்த செல்வம் கல்விக்கூடங்களாகவும் மாறியது: வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது, ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் ஜாமியா தாருஸ்ஸலாம் 1924இல் தோன்றியது, மேல்விஷாரத்தில் நவாப் அப்துல் ஹக்கீமின் பெயர் தாங்கிய கல்லூரி 1965இல் வந்தது. பள்ளிவாசல் பயான், உருது முஷாயிரா, கோயில் உபன்யாசம், தமிழ்க் கவியரங்கம், கட்சிப் பொதுக்கூட்டம், பட்டிமன்றம் என எல்லாமே இங்கே செழித்தன. இவை ஒன்றையொன்று தொடாமலும் இல்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் 1991 வரை தமிழ்ப் பேராசிரியராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் கவியரங்க மேடையைத் தமிழகமெங்கும் எடுத்துச் சென்றவர். உருதுக் கவிஞரின் மகன். கஸல் வடிவத்தைத் தமிழில் பயிரிட்டவர். இரண்டு மொழிகளின் மேடைகள் அருகருகே இருந்த ஓர் ஊர் அந்தக் கவிஞரின் ஆசிரியப் பணிக்குக் களமாக இருந்தது பொருத்தமானதே.

ஆனால் மேடைகளை எண்ணுவது போதாது. ஒவ்வொரு வடிவத்திலும் கேட்பவருக்கு என்ன வேலை தரப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரசங்கத்திலும் பயானிலும் உபன்யாசத்திலும் கேட்பவர் ஏற்பவர். ஐயம் இருந்தால் தனியே போய்க் கேட்டுக்கொள்ளலாம், சபை நடுவே கேட்பது மரபில்லை. முஷாயிராவில் சபைக்கு உயிர் உண்டு. நல்ல அடி விழுந்ததும் 'வாஹ் வாஹ்' எழும், 'முகர்ரர்' என்று சொல்லி மறுபடி பாடவைக்கலாம். ஆனால் அந்த மறுமொழி சுவையோடு முடிகிறது, கருத்தோடு மோதுவதில்லை. பட்டிமன்றம் வாதத்தையே வடிவமாகக் கொண்டது என்றாலும் வாதிடுவோரும் தீர்ப்புச் சொல்லும் நடுவரும் மேடையில்தான் இருக்கிறார்கள். கீழே இருப்பவருக்குக் கைதட்டும் உரிமை மட்டும். கட்சிக் கூட்டத்தில் அந்தக் கைதட்டலே கணக்கெடுக்கப்படுகிறது. இவற்றில் எதையும் தாழ்த்திச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்கிறது. எழுத்தறியாதவருக்கும் காவியத்தையும் அரசியலையும் கொண்டுசேர்த்தவை இவையே. நூல் விவாதம் என்ற வடிவம் மட்டும் கேட்பவரையும் பேச்சாளராக்கும் வாக்குறுதியோடு வருகிறது. அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்ட காலம் ஒன்று இந்த வட்டாரத்துக்கு உண்டா என்பதே கேள்வி.

உண்டு. அது கல்லூரிகளிலோ அரண்மனைகளிலோ நடக்கவில்லை, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் நடந்தது. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன ஒடுக்கப்பட்ட சாதியினர். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் திருப்பத்தூரிலும் கிளைகள் எழுந்தன. கூடிச் சொற்பொழிவு கேட்பது அங்கே வழிபாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செயல். 1907 ஜூனில் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' மறு ஆண்டு முதல் 'தமிழன்' என்ற பெயரில் வந்தது. சங்கத்தில் பேசப்பட்டது இதழில் வந்தது. இதழில் வந்ததை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு எழுந்த ஐயங்கள் கடிதமாகப் போயின. அவற்றுக்குப் பண்டிதர் இதழிலேயே விடை எழுதினார். அவருடைய 'புத்தரது ஆதிவேதம்' நூலாக வந்ததற்குப் பின்னாலும் தங்கவயல் தொழிலாளர்களின் பணம் இருந்தது. 1914இல் அயோத்திதாசர் மறைந்த பிறகு, 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். இந்த இயக்கத்தை விரிவாக ஆராய்ந்த ஞான. அலாய்சியஸ் இதை விடுதலைக்கான அடையாளத் தேடல் என்றார். நமக்கு இங்கே முக்கியமானது அதன் இயங்குமுறை. பேச்சு, அச்சு, வாசிப்பு, கேள்வி, மறுபடி பேச்சு என்ற வட்டம் முழுமையாகச் சுழன்றது. கல்லூரி வாசலை மிதிக்காத தொழிலாளி வரலாறு, சமயம், சொற்பொருள் என்று கேள்வி எழுப்பும் இடத்துக்கு வந்தது அந்தச் சுழற்சியால்தான்.

இது ஒற்றைச் சான்று, விதிவிலக்கு என்று ஒதுக்கலாம். ஆனால் அடுத்து வந்த சுயமரியாதை இயக்கமும் இதே இடத்தைத் தொட்டது. பெரியார் தம் கூட்டங்களில் கேள்வி கேட்கச் சொன்னார். துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு மேடையிலேயே பதில் சொன்னார். தாம் சொன்னதற்காக எதையும் நம்ப வேண்டாம் என்று முடித்தார். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் பற்றி அண்ணா சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் நடத்திய சொற்போர்கள், நூலை முன்வைத்து இரு தரப்பும் பொதுமன்றத்தில் மோதியவை. பிறகு அச்சாகிப் படிப்பகங்களில் வாசிக்கப்பட்டவை. வடதமிழகத்தின் சிறு ஊர்களில் முடிதிருத்தகத்தையும் தேநீர்க்கடையையும் ஒட்டி முளைத்த படிப்பகங்கள் இதன் தொடர்ச்சி. ஒரு நாளிதழை ஒருவர் படிக்க, சூழ இருந்தவர்கள் வெட்டியும் ஒட்டியும் பேசினார்கள். ஆக, கேட்பவர் மறுமொழி சொல்லும் மரபு எங்கிருந்தோ இறக்குமதியானதன்று. இங்கேயே வேர்விட்டிருந்தது, பிறகு தேய்ந்தது.

ஏன் தேய்ந்தது? கேள்விச் சீட்டுக்கு விடை சொல்லக் கருத்தில் உறுதி வேண்டும். ஆள் திரட்டப் புகழ் போதும். தேர்தல் அரசியல் வளர வளர, மேடையில் இருப்பவரின் எண்ணிக்கையும் பொன்னாடைகளின் எண்ணிக்கையும் கூடின, கேள்விக்கான நேரம் குறைந்தது. இலக்கியக் கூட்டமும் அதே அச்சில் வார்க்கப்பட்டது: வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. இந்த வரிசையில் கேட்பவருக்கு ஓர் இடமும் இல்லை. நூலைப் படிக்காமலே வாழ்த்துரை வழங்கலாம் என்பது இவ்வடிவத்தின் பெரிய வசதி. 2022 முதல் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் புத்தகக் காட்சிகள் நடத்த உதவுகிறது. 2019இல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இதன் பயன் கிடைக்கிறது. பள்ளிக் குழந்தைகள் திரளாக வந்து புத்தகம் வாங்குவது பெரிய நன்மை. ஆனால் புத்தகக் காட்சியின் மாலை அரங்கு பெரும்பாலும் பட்டிமன்ற அச்சிலேயே ஓடுகிறது. கடையில் விற்கும் புத்தகத்துக்கும் மேடையில் ஒலிக்கும் பேச்சுக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒரு காலத்தில் இதே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையில், கலை இலக்கிய இரவுகளும் எழுத்தாளர் பவா செல்லதுரை நடத்திவந்த 'முற்றம்' கூட்டங்களும் எழுத்தாளரையும் வாசகரையும் தரையில் சேர்த்து உட்கார வைத்தன. பணமும் பதவியும் குறைந்த இடத்தில் அது முடிந்தது என்றால், தடை வட்டாரத்தின் மண்ணில் இல்லை, கூட்டத்தின் வடிவத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

வடிவத்தைப் பற்றிய இந்த விவாதம் தோல் நகரங்களுக்கு வெறும் அழகியல் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. இங்கே எல்லாருக்கும் பொதுவான ஒரு பொருள் இருக்கிறது. அதைப் பற்றிய ஒரு முக்கியமான நூலும் இருக்கிறது, தீர்ப்பு வடிவத்தில். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. சட்டம் படிப்போர் வேலூரின் பெயரை அந்த வழக்கின் வழியாகவே அறிகிறார்கள். தீர்ப்பின் பக்கங்கள் கதைப் புத்தகம்போல் விவரம் நிறைந்தவை. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதென்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அதில் உண்டு. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பதும், ஆவாரம்பட்டை போன்ற பழைய பொருள்களுக்குப் பதில் குரோம் வந்தபின் சுமார் 170 வகை வேதிப்பொருள்கள் புழங்குவதும் அதில் உண்டு. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழலுக்கென ஒரு பசுமை அமர்வு என ஆணைகள் நீண்டன. 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, சேதம் சீராகும்வரை இழப்பீட்டுப் பொறுப்பு தொடரும் என்றது. இந்தத் தீர்ப்புகளைத் தமிழில் பகுதி பகுதியாக வாசித்து, நிலம் இழந்தவர், ஆலை நடத்துபவர், சுத்திகரிப்புப் பொறியாளர், தோல் கம்பெனித் தொழிலாளி ஆகிய நால்வரும் ஒரே கூரையின் கீழ் வாதிடும் கூட்டத்தைவிட இவ்வூர்களுக்கு உரிய நூல் விவாதம் வேறொன்றில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். ஆற்றைக் காக்கப் பேச்சு என்ன செய்தது? நீதிமன்றம் அல்லவா செய்தது? அந்த வழக்கின் உள்ளே பார்த்தால் விடை கிடைக்கிறது. தீர்ப்பு எடுத்துக்காட்டும் விவரங்களில் ஒன்று திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பு. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று அது கண்டது. கிணறு கிணறாகப் போய்க் கேட்டு எழுதிய அந்த வேலை, ஊரார் கூடிப் பேசாமல் நடந்திருக்க முடியாது. மனு தொடுத்ததும் தனி மனிதரல்ல, ஒரு மன்றம். நீதிமன்றம் தீர்ப்புத் தரும். ஆனால் ஊருக்குள் அந்தத் தீர்ப்பு நாள்தோறும் அமலாவதைக் கண்காணிக்கும் வேலை நீதிபதியுடையதன்று. 1996க்கும் 2025க்கும் இடையில் கிடக்கும் கால் நூற்றாண்டுக்கு மேலான காலமே இதற்குச் சான்று. ஆலைத் தரப்புக்கும் நியாயம் உண்டு: பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பணம் போட்டவர்கள் அவர்களும்தான், ஏற்றுமதியை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த நியாயம் வக்கீல் வாயில் மட்டும் ஒலிக்காமல் ஊர் மன்றத்தில் ஒலித்தால், எதிர்த்தரப்பு அதை எடைபோட முடியும்.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. தோல் நகரங்களின் உழைப்பாளிகளுக்கு நேரம் எங்கே? ஆம்பூரைச் சுற்றியுள்ள ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. கம்பெனி பஸ் விடியற்காலையில் கிராமத்திலிருந்து ஏற்றிக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் இறக்கிவிடுகிறது; அதன்பின் அடுப்பு வேலை. மாலை ஆறு மணிக்கு நகரத்து மண்டபத்தில் வைக்கும் கூட்டம் யாரை வரவேண்டாம் என்கிறது என்பது அழைப்பிதழைப் பார்த்தாலே தெரியும். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: கூட்டத்தை நோக்கி ஆள் வர முடியாவிட்டால் ஆளை நோக்கிக் கூட்டம் போகுமா? இதற்கு உலகில் முன்மாதிரி உண்டு. கியூபாவின் சுருட்டுத் தொழிற்கூடங்களில் 1865 முதல், தொழிலாளர்கள் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உயரத்தில் அமர்ந்து நாளிதழும் நாவலும் படித்துக்காட்டினார். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. எந்த நூலைப் படிப்பது என்பதிலும் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. கண்ணூரின் பீடித் தொழிலாளர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. படிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுருட்டிக் கொடுத்தார்கள். தோல் ஆலையின் டிரம் ஓசையிலும் ஷூ கம்பெனியின் தையல் இயந்திரச் சத்தத்திலும் இது நடக்காது. ஆனால் வேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்து ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களும், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்தில் பீடி சுற்றுவோரும் செய்வது ஓசையில்லாத வேலை. கை வேலையில் இருக்க, காது ஓய்வாக இருக்கிறது. பள்ளி இறுதி முடித்த ஒரு பெண் படிக்க, ஐந்து பேர் தைத்தபடி கேட்டு இடையிடையே மறித்துப் பேசினால் அதுவும் நூல் விவாதம்தான். அப்படி ஒரு கூட்டத்தில் மறித்துப் பேசுவதற்கு மேடைக் கூச்சமும் தடையாகாது.

செலவுக்கும் இடத்துக்கும் எங்கே போவது என்பது மூன்றாவது கேள்வி. இவ்வூர்களில் மண்டபமும் நன்கொடையும் பெரும்பாலும் தோல் தொழில் செய்வோரிடமிருந்தே வர வேண்டியிருக்கும், அவர்களைச் சங்கடப்படுத்தும் பொருளை அவர்கள் செலவில் எப்படிப் பேசுவது என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் எவருடைய தயவும் இல்லாத ஒரு கூரை ஏற்கெனவே இருக்கிறது. 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம் நாட்டுக்கே முன்னோடி. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வீட்டுக்காரரும் கட்டுகிறார், கடைக்காரரும் கட்டுகிறார், தோல் ஆலையும் கட்டுகிறது. அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் என்ற அமைப்புக்கும் இடம் உண்டு. அரசு நூலகத்தில் சர்ச்சைக்குரிய பொருளை எடுக்க அதிகாரிகள் அஞ்சுவார்கள் என்பது உண்மைதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும், சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவலையும் வாசிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதும் உண்மை. மொழிப் பிரிவினையும் இங்கே தீராத தடையன்று. உருது பேசும் தெருவும் தமிழ் பேசும் தெருவும் கடைவீதியிலும் கம்பெனியிலும் நாள்தோறும் கலந்துதான் பேசுகின்றன. முஷாயிராவும் கவியரங்கமும் தனித்தனியே நடப்பது பழக்கத்தால் வந்தது. ஒரே நூலை இரு மொழியிலும் பேசும் கூட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு ஆகும் நேரம், கேட்பவர் யோசிக்கும் நேரமாகவும் அமையும்.

நல்ல பேச்செல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது கூட்டம் எதற்கு என்று கேட்போருக்கும் இதே அளவுகோலால் விடை சொல்லலாம். காணொளி கேட்பதற்கு வசதி தருகிறது, மறுமொழிக்கு எதிராளியைத் தருவதில்லை. பக்கத்துத் தெருக்காரர் வேறுவிதமாக நினைக்கிறார் என்பதை அவர் முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளும் வாய்ப்பு அதில் இல்லை. ஆறு, வேலை, சாதி, மொழி ஆகிய நான்கிலும் பிளவுண்ட நகரங்களுக்கு அந்த வாய்ப்பே முதல் தேவை. அதற்குரிய நூல்களும் குறைவில்லை. திருப்பத்தூரில் பிறந்த மு. வரதராசனின் 'அகல் விளக்கு' வாலாஜாபேட்டைப் பின்னணியில் தொடங்குகிறது. அதற்கு 1961இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி' நிலத்தோடு தலித் மக்களுக்கு இருந்த உறவையும் இழப்பையும் சொல்கிறது. திண்டுக்கல் தோல் தொழிலாளர் போராட்டத்தை எழுதிய டி. செல்வராஜின் 'தோல்' 2012இல் அதே விருதைப் பெற்றது. இவற்றைப் பாராட்டி முடிப்பதைவிட, 'தோல்' காட்டும் தொழிற்சங்க காலத்துக்கும் இன்றைய ஷூ கம்பெனிக் காலத்துக்கும் என்ன வேறுபாடு, 'அகல் விளக்கு' எழுதப்பட்ட நாளின் பாலாற்றுக்கும் இன்றைய பாலாற்றுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்பதே பயன் தரும்.

ஆகவே சீர்திருத்தத்துக்குப் பெரிய திட்டம் தேவைப்படவில்லை, கூட்டத்தின் விதிகளை மாற்றினால் போதும். நூலைப் படித்தவர் மட்டுமே பேசுவது. ஒருவர் பேசும் நேரத்துக்கு ஈடான நேரத்தைக் கேட்பவர்களுக்கு ஒதுக்குவது. எழுந்த கேள்விகளை எழுதிவைத்து அடுத்த மாதக் கூட்டத்தை அவற்றிலிருந்து தொடங்குவது. ஆண்டுக்கு ஒருமுறை அக்கேள்விகளையும் விடைகளையும் சிறு வெளியீடாக அச்சிட்டுக் கிளை நூலகத்தில் வைப்பது. நகர மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தால் கிராமத் திண்ணையில் ஒன்று நடப்பது. தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் நூறாண்டுக்கு முன் கூலித் தொழிலாளர்கள் தங்கள் சேமிப்பைக் கொண்டு செய்துகாட்டிய முறையின் சாரம் இவ்வளவுதான். அன்று அவர்களிடம் நூலக வரி இல்லை, கல்லூரி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. இவை அனைத்தும் உள்ள காலத்தில் கூட்டம் சேரவில்லை என்று குறைபடுவோர், தங்கள் அழைப்பிதழில் கேட்பவருக்கு என்ன வேலை தந்திருக்கிறோம் என்பதை முதலில் சரிபார்ப்பது நல்லது.